எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: மனமும் ஆயத்தமாகட்டும்

சென்ற ஆண்டு, களக்காட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து நடுவயதுப் பெண்மணி ஒருவர் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். (அவரை எவரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) நீரிழிவு, முழங்கால் வலி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகிய மூன்றும் அவருக்கு இருந்தன. நகரத்து மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கான இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வந்திருந்தார். கணவரும் மகனும் உடனிருந்தனர். எத்தனை நாள் தங்க வேண்டும், தழும்பு தெரியுமா, எப்போது வீட்டு வேலைகளுக்குத் திரும்பலாம் என்று குடும்பத்தார் கேட்டனர். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம்.

அனைவரும் எழுந்து வாசல் வரை சென்ற பிறகு, அவர் மட்டும் திரும்பி வந்தார். “டாக்டர், இரவு எல்லாரும் படுத்த பிறகு அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். நாள் முழுவதும் எனக்கென்று இருக்கிற நேரம் அது ஒன்றுதான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நேரத்தில் நான் என்ன செய்வேன்?” என்று கேட்டார்.

அன்று எங்களிடம் உடனடிப் பதில் இல்லை. ஆனால் அறுவைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் மிக முக்கியமானது அதுவே என்று இப்போது எண்ணுகிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இந்த அறுவை யாருக்கு?

நம் மருத்துவமனையில் இந்த அறுவை செய்யப்படுவதில்லை. இப்பகுதி மக்கள் இதற்காகப் பெருநகரங்களுக்குச் செல்கின்றனர். ஆனால் செல்வதற்கு முன்னும், திரும்பி வந்த பின்னர் ஆண்டுக்கணக்கிலும் அவர்களைப் பார்ப்பவர்கள் நாங்கள். ஆதலால் இதைப் பற்றி எழுதும் கடமை எங்களுக்கு உண்டு.

உடல் பருமன் இன்று அரிய நோயன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவையில்லை. உணவு, நடை, உறக்கம், மருந்து ஆகியவற்றாலேயே பயன் பெறலாம்.

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் அவருடைய குறியெண் ஏறத்தாழ 35. இந்த அளவையும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் இரு பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், நமக்கு 27.5 முதலே இதைக் கருதிப் பார்க்கலாம் என்றும் அது குறிப்பிடுகிறது. எனினும் எண் மட்டும் முடிவு செய்வதில்லை. நோய்கள், வயது, முன்னர் எடுத்த முயற்சிகள், மனநிலை ஆகிய அனைத்தையும் மருத்துவக் குழு எடைபோட்ட பின்னரே முடிவு எடுக்கப்படும். அழகுக்காகச் செய்யப்படும் அறுவையும் அன்று இது.

அறுவை எதை மாற்றும், எதை மாற்றாது?

இன்று பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. ‘ஸ்லீவ்’ எனப்படும் முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குறுகிய குழாய்போல் ஆக்கப்படுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கின்றனர். இரண்டிலும் உண்ணும் அளவு குறைகிறது. பசியையும் நிறைவையும் மூளைக்கு அறிவிக்கும் ஹார்மோன்களும் மாறுகின்றன. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். ‘ஸ்லீவ்’ முறையில் அப்பகுதி அகற்றப்படுவதால் பல மாதங்களுக்குப் பசி வெகுவாக அடங்கியிருக்கும்.

மாறுவது வயிற்றுப் பசி. ஆனால் நாம் வயிற்றுப் பசிக்காக மட்டும் உண்பதில்லை. களைப்பைப் போக்க, கோபத்தை விழுங்க, தனிமையை மறக்க, விருந்தினர் மனம் கோணாதிருக்க, மீந்ததை வீணாக்காதிருக்க என்று நூறு காரணங்களுக்காக உண்கிறோம். அந்தக் காரணங்களை எந்த அறுவையாலும் வெட்டி எடுக்க இயலாது. அறுவைக்குப் பிறகும் அந்தப் பெண்மணியின் வீட்டில் இரவு பத்து மணி வரும், அடுக்களை இருக்கும், களைப்பும் இருக்கும். அதுவரை துணை நின்ற தட்டு மட்டும் இருக்காது. அந்த வெற்றிடத்தை அறுவைக்கு முன்பே பார்த்து வைப்பதைத்தான் மன ஆயத்தம் என்கிறோம்.

முதலில் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள்

எங்களிடம் வருவோரில் பலர், “என் வாயைக் கட்ட எனக்குத் தெரியவில்லை” என்று தலைகுனிந்தே பேசத் தொடங்குகின்றனர். பருமன் ஒழுக்கக் குறைபாடு அன்று. பரம்பரை, உறக்கக் குறைவு, சில மருந்துகள், ஹார்மோன் கோளாறுகள், மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்ப் பண்டங்கள் ஆகியன சேர்ந்து உருவாக்கும் நோய் அது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், உடல் அதை ஆபத்தாகக் கருதிப் பசியைக் கூட்டுகிறது. செலவிடும் ஆற்றலையும் குறைத்துக்கொள்கிறது. பலமுறை குறைந்த எடை மீண்டும் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்வது வெறும் ஆறுதலுக்காக அன்று. தம்மைத் தண்டித்துக்கொள்ளும் எண்ணத்தோடு அறுவைக்குச் செல்பவர், பின்னர் எடை ஒரு கிலோ ஏறினாலும் “மறுபடியும் தோற்றுவிட்டேன்” என்று மருத்துவரைப் பார்க்க வராமலேயே நின்றுவிடுகிறார். உதவி மிகவும் தேவைப்படும் வேளை அதுவே. “உழைத்துக் குறைக்காமல் குறுக்குவழி தேடுகிறார்” என்று உறவினர் சொல்லலாம். அறுவை குறுக்குவழி இல்லை. வாழ்நாள் முழுவதும் உணவுக் கட்டுப்பாடும், வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும், இரத்தப் பரிசோதனைகளும் தொடரும் நீண்ட பாதை அது.

இரண்டு வாரக் குறிப்பேடு

அந்தப் பெண்மணியிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கச் சொன்னோம். இரண்டு வாரங்களுக்கு, உண்ணும் ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளை எழுத வேண்டும்: எத்தனை மணி, என்ன உண்டேன், உண்மையில் பசித்ததா, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. கலோரி கணக்கு வேண்டாம். எவரிடமும் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. எழுதத் தெரியாதவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம்.

இந்த எளிய பழக்கம் பல உண்மைகளைக் காட்டும். அவருடைய குறிப்பேட்டில், பகல் உணவு பெரும்பாலான நாள்களில் மாலை நான்கு மணிக்குத் தள்ளிப் போயிருந்தது. எல்லாருக்கும் பரிமாறிய பின் மீந்ததை நின்றுகொண்டே உண்டிருந்தார். இரவு உணவுக்கு முன் நடந்ததாக அவர் அதிகமுறை எழுதியிருந்தது, “ஒன்றும் நடக்கவில்லை, யாரும் பேசவில்லை” என்பதே.

சிலருக்கு வேறொன்று தெரியவரலாம். குறுகிய நேரத்தில், நிறுத்த இயலாதபடி மிக அதிகமாக உண்பது, பிறர் காணாமல் ஒளிந்து உண்பது, உண்ட பின் தன்மீதே வெறுப்புக் கொள்வது ஆகியவை வாரந்தோறும் நிகழ்ந்தால், அது சிகிச்சை தேவைப்படும் உணவுண்ணல் கோளாறாக இருக்கக்கூடும். வெட்கப்படாமல் சொல்லுங்கள். அறுவைக்கு முன் அதைக் கவனித்தால் பின்விளைவுகள் வெகுவாகக் குறையும்.

மனநல மதிப்பீடு ஒரு தேர்வு அன்று

நல்ல மருத்துவ மையங்களில் அறுவைக்கு முன் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கச் சொல்வார்கள். “எனக்கென்ன பைத்தியமா?” என்று சிலர் வருந்துவர். தேர்ச்சி, தோல்வி என்று அதில் எதுவும் இல்லை. எந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவதே அதன் நோக்கம்.

அங்கே மூன்று செய்திகளை மறைக்காதீர்கள். முதலாவது, மனச்சோர்வு, பதற்றம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இப்போதோ முன்னரோ இருந்ததா என்பது. இரண்டாவது, நீங்கள் உண்ணும் மனநல மருந்துகள். குறிப்பாகப் பைபாஸுக்குப் பின் சில மருந்துகளை உடல் ஏற்கும் அளவு மாறலாம். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் அளவையோ வகையையோ மாற்றித் தருவார். மூன்றாவது, மதுவும் புகையிலையும். புகைப்பழக்கத்தை அறுவைக்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்னரே நிறுத்தச் சொல்வார்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலே அறுவை மறுக்கப்படும் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் சிகிச்சை அளித்து, சில மாதங்கள் கழித்துச் செய்வார்கள்.

எதிர்பார்ப்பை அளந்து வையுங்கள்

பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் உடல் எடையில் கால் பங்கு அளவு, சிலருக்கு அதற்குச் சற்று மேலும் குறைகிறது. 120 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ 90 கிலோவுக்கு வருவார் எனக் கொள்ளலாம். பின்வரும் ஆண்டுகளில் சில கிலோ திரும்ப ஏறுவதும் இயல்பே. எனவே “கல்யாணப் போட்டோவில் இருந்ததுபோல் ஆகிவிடுவேன்” என்று எண்ணி அறுவைக்குச் சென்றால், நல்ல பலன் கிடைத்தாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

நீரிழிவு பலருக்குக் கட்டுக்குள் வரும். சிலருக்கு மருந்தே தேவைப்படாமல் போகும். ஆனால் ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் வரலாம். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி உதிரலாம். பெரும்பாலும் மீண்டும் வளரும். வயிற்றிலும் கைகளிலும் தோல் தளர்ந்து தொங்கலாம். இவற்றை முன்பே அறிந்தவர் கண்ணாடி முன் அவ்வளவாக அதிர்ச்சி அடைவதில்லை.

“எனக்குக் கிடைக்க வேண்டியது என்ன?” என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். “மூச்சு வாங்காமல் பேருந்தில் ஏற வேண்டும்”, “தரையில் உட்கார்ந்து எழ வேண்டும்”, “இன்சுலின் குறைய வேண்டும்” போன்றவை கைகூடக்கூடியவை. “கணவர் என்மீது அன்பு காட்ட வேண்டும்”, “யாரும் என்னைக் கேலி செய்யக் கூடாது” போன்றவை எடையோடு மட்டும் தொடர்புடையவை அல்ல. அவற்றுக்கு வேறு பேச்சு வேண்டும்.

மனம் போகும் வழி

முதல் சில வாரங்களில் நீர் உணவும் கூழ் உணவும்தான். வீட்டில் தாளிக்கும் மணம் வரும்போது, “ஏன் இதைச் செய்துகொண்டேன்?” என்ற கழிவிரக்கம் தோன்றலாம். இது பலருக்கும் வருவது. பெரும்பாலும் கடந்து போவது. அதன்பின் எடை வாரந்தோறும் குறையும், ஊரார் வியப்பர், மனம் மிதக்கும்.

கவனம் மிகவும் வேண்டியது இரண்டாம் ஆண்டில். எடை குறைவது நின்றிருக்கும், பாராட்டும் ஓய்ந்திருக்கும், பழைய கவலைகள் திரும்பும். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2012இல் வெளியானது. பைபாஸ் செய்துகொண்டோரிடம் மதுப் பழக்கம் சிக்கலாவது இரண்டாம் ஆண்டில் கூடியிருந்ததை அது காட்டியது. பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுவதும் ஒரு காரணம். உணவில் கிடைத்த ஆறுதலைச் சிலர் மதுவில் தேடக்கூடும் என்பதை இப்பகுதி ஆண்களும் அவர்தம் குடும்பத்தாரும் மனத்தில் கொள்ள வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 8,800க்கும் மேற்பட்டோரைக் கவனித்த மற்றோர் ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் முன்பைவிடக் கூடியிருந்தன. மிகப் பெரும்பாலோருக்கு இவ்வாறு நேரவில்லை. நேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் முன்னரே மனநலச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள்.

அச்சுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்ததை 2007இல் காட்டியது. நன்மை பெரிது; அதைக் காத்துக்கொள்ளத் துணை வேண்டும். வாழை தார் தள்ளியதும், காற்று வீசும்வரை காத்திராமல் முட்டுக் கொடுப்பது நம் ஊர் விவசாயிகளின் வழக்கம். சாய்ந்த பின் கொடுக்கும் முட்டால் பயனில்லை.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

நம் ஊரில் அன்பு தட்டில்தான் பரிமாறப்படுகிறது. “இன்னும் ஒரு கரண்டி” என்பது உபசாரம். வேண்டாம் என்பது அவமதிப்பு. கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு, திருநெல்வேலி சென்றுவந்தால் அல்வாப் பொட்டலம். பைபாஸ் செய்துகொண்டவர் அல்வா போன்ற இனிப்பை உண்டால் சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்க உணர்வு ஆகியவை வரலாம். “ஒரு துண்டு என்ன செய்துவிடும்?” என்று வற்புறுத்தாதீர்கள். அவர் இரண்டு கவளத்தோடு எழுந்தால், சமைத்தவர்மேல் குறை சொல்வதாகக் கொள்ளாதீர்கள்.

அவருடைய தட்டைக் காவல் காப்பதும் கூடாது. “இதையா சாப்பிடுகிறாய்? இவ்வளவு பணம் கட்டினோமே” என்ற ஒரு சொல் ஒளிந்து உண்ணும் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். “இன்று எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். மாலையில் உடன் நடங்கள். பரிசோதனைக்கு உடன் வாருங்கள். பல நாள் பேச்சுக் குறைந்திருப்பது, உறக்கம் கெடுவது, மருந்தை விட்டுவிடுவது, இரகசியமாகக் குடிப்பது ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திருமணத்துக்கு முன் எடை குறைய வேண்டும் என்று மகளை அழைத்துவரும் பெற்றோரையும் பார்க்கிறோம். அவர்களிடம் ஒன்றையே வேண்டுகிறோம்: மகளிடம் தனியாகப் பேச எங்களை அனுமதியுங்கள். வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டிய முடிவை, சுமக்கப் போகிறவரே எடுக்க வேண்டும். அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதும், எடை குறைந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதும் இரு வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உயிர் அச்சம்

எடைக் குறைப்பு அறுவையில் மரணம் என்ற செய்தி நாளிதழில் வந்த மறுநாள், நாள் குறித்தவர்கள் கலங்குவது இயல்பு. அனுபவமிக்க மையங்களில் இந்த அறுவையால் இறப்போர் ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவினர். அந்த எண் சிறிது, ஆனால் பூச்சியமன்று. ஆதலால் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்: இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே உள்ளதா? கசிவோ இரத்தப்போக்கோ ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்? ஊர் திரும்பிய பின் நள்ளிரவில் வயிறு வலித்தால் யாரை அழைப்பது? காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ள மாட்டார். பதில்களை எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகச் செல்ல வேண்டாம். தள்ளிப்போடவும், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று முடிவெடுத்தவரையும் நாங்கள் அதே அக்கறையோடு தொடர்ந்து பார்ப்போம்.

நாள் குறிக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்த முடிவு என்னுடையதா, பிறர் வற்புறுத்தலா?
2. பசியில்லாத வேளையில் நான் எதற்காக உண்கிறேன்? அதற்கு மாற்றாக என்ன வைத்திருக்கிறேன்?
3. வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் பரிசோதனையும் தொடர என்னால் இயலுமா?
4. மனம் சோர்ந்தால் முதலில் யாரிடம் சொல்வேன்? அவருக்கு அது தெரியுமா?
5. எடை எதிர்பார்த்த அளவு குறையாவிட்டாலும் எனக்குக் கிடைக்கும் நன்மை என்ன?

இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குப் பதில் இல்லையெனில், எங்களிடம் வாருங்கள், சேர்ந்து தேடலாம். இரவில் மனம் தாங்காத வேளையில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழக அரசின் 104 சேவையிலும் ஆலோசனை பெறலாம்.

அந்தப் பெண்மணி அறுவையை இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். குறிப்பேட்டைக் கணவரிடம் அவரே படித்துக் காட்டினார். பகல் உணவை ஒரு மணிக்கு உண்ணத் தொடங்கினார். இரவில் பாத்திரங்களை ஒதுங்கவைக்கும் வேலையை மகன் ஏற்றுக்கொண்டார். அறுவை நடந்து இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. எடையும் சர்க்கரையும் குறைந்துள்ளன. சென்ற முறை வந்தபோது இரவு பத்து மணியைப் பற்றிக் கேட்டோம். “அந்த நேரத்தை விடவில்லை டாக்டர். இப்போது திண்ணையில் உட்காருகிறேன். சில நாள் அவரும் வந்து உட்காருவார், சில நாள் நான் மட்டும்” என்றார். இரண்டாம் ஆண்டு இன்னும் வரவில்லை என்பதை நினைவூட்டி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறோம். அந்தக் குறிப்பேட்டையும் கொண்டுவரச் சொன்னோம்.